ஹைலைட்ஸ் நினைத்தபடி வரவில்லையா? வீட்டிலேயே நிறம் திருத்தும் முறை

ஹைலைட்ஸ் என்று பார்லரில் முடியின் சில இழைகளை மட்டும் வெளுக்கப் போய், தேன் நிறம் கேட்டிருப்பீர்கள், ஆரஞ்சு வந்திருக்கும். மெல்லிசாக வேண்டும் என்று சொல்லியிருப்பீர்கள், வகிட்டின் இரண்டு பக்கமும் பட்டை பட்டையாக விழுந்திருக்கும். பணமும் அரை நாளும் செலவழித்துவிட்டு இப்படி வந்து நிற்கும்போது மனசு வெறுத்துப் போவது இயல்புதான். அந்த வெறுப்பில் அன்றிரவே ஒரு டை பாக்கெட்டைப் பிரித்து முழுத் தலைக்கும் தடவிவிடுகிறவர்கள் நிறையப் பேர். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். பார்லரில் வந்த கோளாறு பெரும்பாலும் திருத்தக்கூடியதுதான். அதன்மேல் அவசரத்தில் ஏற்றுகிற இரண்டாவது நிறம்தான் பெரிய சிக்கலாகிவிடும்.

இந்த வழிகாட்டி ஒரே விதியைச் சுற்றித்தான் போகும். வீட்டில் முடிக்கு நிறத்தைச் சேர்க்கலாம். மேலும் வெளுக்கக் கூடாது. வெளுத்த இழையின் சாயலை மாற்றுவது, ஒரு படி கருமையாக்குவது, கோடுகளை மங்கச் செய்வது எல்லாம் புதியவர்களுக்கும் நன்றாகவே வரும். ஏற்கெனவே ப்ளீச் ஆன முடியின்மேல் மறுபடி ப்ளீச் வைப்பது அப்படியல்ல. முடி எங்கே அறுந்து கையோடு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஹைலைட்ஸ் பற்றிய குறைகளில் பெரும்பாலானவற்றுக்கு ப்ளீச் தேவையும் இல்லை.

முதலில் பார்லருக்கு ஒரு போன்

பகல் வெளிச்சத்தில் நாலைந்து படம் எடுத்து, போட்டுவிட்டவரிடமே பேசுங்கள். சில நாட்களுக்குள் சொன்னால் டோனரை (வெளுத்த இழையின் சாயலை மாற்ற மேலே போடும் கலர்) மறுபடி போட்டுத் தருகிற பார்லர்கள் பல உண்டு. கூச்சப்பட வேண்டியதில்லை; நிறம் பிடிக்கவில்லை என்று சொல்வது சண்டை போடுவது ஆகாது. வீட்டில் ஏதாவது தடவிய பிறகு போனால் அவர்கள் பொறுப்பேற்க மாட்டார்கள், அதனால் இந்தப் பேச்சு முதலில் நடக்க வேண்டும். அவர்கள் கைவிரித்துவிட்டால், அல்லது அங்கே திரும்பப் போகவே உங்களுக்கு மனமில்லை என்றால், மேற்கொண்டு படியுங்கள்.

குறை என்ன என்று பெயர் வையுங்கள்

தலைக்கு ஒருமுறை குளித்து, எண்ணெய் எதுவும் வைக்காமல் காயவிட்டு, ஜன்னல் ஓரம் நின்று பாருங்கள். குளியலறை விளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில் எல்லா முடியும் செம்பட்டையாகத்தான் தெரியும். அதை நம்பி எதுவும் வாங்க வேண்டாம். ஈர முடியையும் நம்ப வேண்டாம், உலர்ந்ததும் இன்னும் வெளிறித் தெரியும்.

இப்போது "நல்லா இல்லை" என்பதற்குப் பதிலாக, எது நன்றாக இல்லை என்று ஒரு வரியில் எழுதுங்கள். இதைத் தவிர்த்துவிட்டு நேரே கடைக்குப் போகிறவர்கள்தான் தவறான டப்பாவோடு திரும்புகிறார்கள். பிரச்சினை சாயலிலா, வெளுப்பின் அளவிலா, இழைகள் விழுந்த விதத்திலா? ஆரஞ்சாக இருக்கிறது என்பது சாயல் பிரச்சினை. பட்டையாக இருக்கிறது என்பது விழுந்த விதம். ரொம்ப வெளிறிவிட்டது என்பது அளவு. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

இரண்டு குறைகளுக்கு வீட்டில் ஒன்றும் செய்யத் தேவையில்லை. சாம்பல் பூத்தது போலவோ லேசான ஊதாவாகவோ இருந்தால், டோனர் கொஞ்சம் அதிகம் பிடித்திருக்கிறது. நாலைந்து முறை ஷாம்பூ போட்டால் தானே இறங்கும். இன்னும் வெளிறியிருக்க வேண்டும் என்பது உங்கள் குறையானால், அது பார்லர் வேலை. காத்திருந்து, வேறொரு நல்ல கை பார்த்துப் போங்கள்.

ஆரஞ்சு எங்கிருந்து வருகிறது

இது புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. முடியில் இரண்டு வகை மெலனின் இருக்கிறது. ஒன்று கருப்பும் பழுப்பும் தருவது, மற்றது சிவப்பும் மஞ்சளும் தருவது. ப்ளீச் வைத்ததும் கருப்புப் பக்கம் முதலில் கலையும். சிவப்பு-மஞ்சள் பக்கம் பிடிவாதமாக நிற்கும். அதனால் கருமையான முடி வெளுக்கும்போது நேராகப் பொன்னிறத்துக்குப் போகாது. செம்பழுப்பு, சிவப்பு, ஆரஞ்சு, பொன் ஆரஞ்சு, மஞ்சள், வெளிர் மஞ்சள் என்று வரிசையாக இறங்கும். உங்கள் முடி ஆரஞ்சாக இருக்கிறது என்றால், அந்தப் பாதையின் நடுவில் நிறுத்தப்பட்டிருக்கிறது, மேலே போட வேண்டிய டோனர் போடப்படவில்லை அல்லது கழுவிப் போய்விட்டது, அவ்வளவுதான். முன்பு மருதாணி போட்டு வந்தவர்களுக்கு ஆரஞ்சு இன்னும் அழுத்தமாக இருக்கும். மருதாணியின் நிறம் முடியின் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும், ப்ளீச்சுக்கு லேசில் அசையாது.

நிறக்காரர்கள் கருமை-வெளுப்பை 1 முதல் 10 வரை லெவல் போட்டுச் சொல்வார்கள். 1 கருப்பு, 10 மிக வெளிர்ந்த பொன்னிறம். ப்ளீச் ஆன முடியில் 5 என்றால் செவ்வாரஞ்சு, 6 ஆரஞ்சு, 7 பொன் ஆரஞ்சு, 8 மஞ்சள், 9 வெளிர் மஞ்சள் தெரியும். டப்பாவில் 7.1 என்று இருந்தால் முன்னால் இருப்பது லெவல், புள்ளிக்குப் பின்னால் இருப்பது சாயல். பெரும்பாலான கம்பெனிகளில் .1 சாம்பல் சாயல், .3 பொன் சாயல், .4 செம்புச் சாயல். மற்ற எண்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஆகவே எண்ணோடு பக்கத்தில் எழுதியிருப்பதையும் படியுங்கள்.

சாயலைக் கொல்வது எதிர்ச்சாயல். ஆரஞ்சை நீலம் அடக்கும், மஞ்சளை ஊதா அடக்கும், சிவப்பைப் பச்சை அடக்கும். சாம்பல் சாயல் என்று விற்பதெல்லாம் உள்ளே நீலமோ ஊதாவோ பச்சையோ அடித்தளமாகக் கொண்டவைதான்.

இங்கேதான் புதியவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். ஆரஞ்சு முடிக்கு, படத்தில் அழகாக இருக்கிறதே என்று 10 லெவல் முத்துநிற டோனரை வாங்குவார்கள். போட்டுக் கழுவிப் பார்த்தால் ஒன்றுமே நடந்திருக்காது. டோனர் வெளுக்காது, தன்னைவிடக் கருமையான முடியின்மேல் அதன் நிறம் தெரியவே தெரியாது. அதோடு 10 லெவல் டோனரில் இருப்பது ஊதா, அது மஞ்சளுக்கானது. உங்கள் இழை இப்போது எந்த லெவலில் இருக்கிறதோ அதே லெவல், அல்லது ஒரு படி கருமை: இதுதான் டோனர் வாங்கும் கணக்கு. இழை 7-இல் பொன் ஆரஞ்சாக இருந்தால் 7 அல்லது 6 லெவலில் நீல அடித்தளச் சாம்பல்.

எந்த வகை கலர் வாங்குவது

மூன்று வகை இருக்கிறது. டெவலப்பர் (கலரை வேலை செய்யவைக்கும் பெராக்சைடு திரவம்) கலக்காமல் அப்படியே தடவுகிற செமி-பெர்மனென்ட் சில குளியல்களில் போய்விடும். குறைந்த சக்தி டெவலப்பரோடு கலந்து போடுகிற டெமி-பெர்மனென்ட் சில வாரங்கள் நிற்கும், முடியை வெளுக்காது. பெர்மனென்ட் கலர் பெரும்பாலும் 6 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடோடு வரும். அதுதான் 20 வால்யூம் என்பது.

ஹைலைட்ஸ் திருத்த டெமி-பெர்மனென்ட் தவிர வேறொன்றைப் பரிந்துரைக்க மாட்டேன். பெர்மனென்ட் டப்பா கடையில் சுலபமாகக் கிடைக்கும், வேலையும் சீக்கிரம் முடியும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதில் இருக்கும் 6 சதவீதப் பெராக்சைடு, ஹைலைட்ஸுக்கு இடையில் இருக்கும் உங்கள் சொந்தக் கருமுடியையும் லேசாக வெளுத்துவிடும். சாம்பல் சாயல் மங்கியதும் முன்பு கருப்பாக இருந்த பகுதி செம்பட்டையாகத் தெரிய ஆரம்பிக்கும். இழைகளைத் திருத்தப் போய்த் தலை முழுக்கப் புதுப் பிரச்சினை. டெமி வாங்கும்போது அதே கம்பெனியின் டெவலப்பரையே வாங்குங்கள். 3 சதவீதத்துக்கு மேல் போகாதீர்கள்.

லேசான மஞ்சள் மட்டும்தான் குறை என்றால் கலரே வேண்டாம், ஊதா ஷாம்பூ போதும். ஆரஞ்சுக்கு நீல ஷாம்பூ. வாரம் ஒருமுறை, இரண்டு மூன்று நிமிடம் நுரையோடு விட்டுக் கழுவுங்கள். ரொம்ப நேரம் விட்டால் வறண்ட நுனிகள் ஊதாத் திட்டாகிவிடும்.

முடி தாங்குமா?

உதிர்ந்த முடியில் தேடாமல், ஹைலைட்ஸ் உள்ள ஓர் இழையைத் தலையிலேயே ஈரமாக்கி இரண்டு விரலால் மெதுவாக இழுத்துப் பாருங்கள். ஆரோக்கியமான முடி கொஞ்சம் நீண்டு, விட்டதும் பழைய நீளத்துக்கு வந்துவிடும். ஜவ்வாக இழுபட்டு அப்படியே நின்றாலோ, பட்டென்று அறுந்தாலோ, அதற்கு எந்தக் கலரும் போடக் கூடாது. சில வாரம் கண்டிஷனர், முடிப் புரதத்துக்கான மாஸ்க், நுனி வெட்டுதல் என்று கவனித்துவிட்டு மறுபடி சோதியுங்கள். தலையில் புண், எரிச்சல், சொறி இருந்தாலும் அது ஆறும்வரை நிறுத்தி வையுங்கள்.

மருதாணிப் பொடி, மூலிகை டை என்று முன்பு எதையாவது போட்டிருந்தால் அதையும் நினைவுபடுத்திப் பாருங்கள். சுத்தமான மருதாணியால் ஆபத்தில்லை. கலப்புப் பொடிகள் சிலவற்றில் உலோக உப்பு இருக்கும். அது பெராக்சைடோடு சேர்ந்தால் முடி சூடாகி, புகைந்து, அறுந்துகூடப் போகும். கீழே சொல்கிற இழைச் சோதனையில் முடி சூடேறினாலோ வினோதமான வாடை வந்தாலோ உடனே கழுவி விடுங்கள், வீட்டு முயற்சி அதோடு முடிந்தது.

அப்புறம் ஒவ்வாமைச் சோதனை. முன்பு நூறு தடவை டை அடித்தவரும் செய்ய வேண்டும், ஏனென்றால் இந்த ஒவ்வாமை எத்தனையாவது தடவையிலும் வரலாம். வாங்கிய கலரின் பெட்டியில் சொல்லியபடி சிறிதளவு எடுத்துக் காதுக்குப் பின்னாலோ முழங்கை உட்புறத்திலோ தடவி, 48 மணி நேரம் பொறுங்கள். அரிப்பு, சிவப்பு, வீக்கம் எது வந்தாலும் அந்தக் கலர் உங்களுக்கு இல்லை. பல டைகளில் இருக்கும் பி.பி.டி. என்ற பொருள்தான் அடிக்கடி காரணமாகும். தோலில் கருப்பாக வரைகிற தற்காலிக டாட்டூ மையிலும் இதே பொருள் கலந்திருப்பதுண்டு. அப்படி வரைந்து ஒருமுறை தோல் பொங்கியவர்கள் ஆக்சிடேஷன் வகை (டெவலப்பர் கலந்து போடுகிற) ஹேர் கலர் பக்கமே போகக் கூடாது. முகம் வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்கு.

ஓர் இழையில் ஒத்திகை

இந்தப் படியைத் தாண்டிவிடலாமா என்று எல்லோருக்கும் தோன்றும். தாண்டாதீர்கள், முழுத் தலையில் எத்தனை நிமிடம் விடுவது என்று உங்களுக்குச் சரியாகச் சொல்லப் போவது இந்த ஓர் இழைதான். டப்பாவில் போட்டிருக்கும் நேரம் ப்ளீச் ஆகாத சராசரி முடிக்கானதாக இருக்கலாம். ப்ளீச் ஆன முடி துளை விழுந்து கிடக்கும்; நிறத்தைச் சட்டென்று உறிஞ்சும்.

காதுக்குப் பின்னால், கீழ் வரிசையில், மேலே இருக்கும் முடி மறைக்கிற இடத்தில் ஹைலைட் ஆன ஒரு மெல்லிய கற்றையைப் பிரித்தெடுங்கள். ஒரு டீஸ்பூன் அளவு கலவை போதும். கற்றையின் அடியில் ஃபாயில் துண்டு வைத்து, பிரஷ்ஷால் இரண்டு பக்கமும் தடவி, கடிகாரத்தைப் பாருங்கள். முதல் சில நிமிடங்களில் வெள்ளையாக இருந்த க்ரீம் நீலமாக, ஊதாவாக, சில சமயம் கிட்டத்தட்டக் கருப்பாக மாறும். பயந்து கழுவிவிடாதீர்கள். அது காற்றோடு சேர்ந்த க்ரீமின் நிறம், முடியின் நிறம் அல்ல. 5-ஆவது நிமிடத்தில் ஈர டிஷ்யூவால் கற்றையில் ஒரு அங்குலம் மட்டும் துடைத்துப் பாருங்கள். ஆரஞ்சின் உறைப்பு கொஞ்சம் அடங்கியிருக்கும். மறுபடி அந்த இடத்தில் க்ரீமைத் தடவிவிட்டு, 8-ஆவது, 10-ஆவது, 15-ஆவது நிமிடங்களில் அதேபோலத் துடைத்துப் பாருங்கள். ஒரு கட்டத்தில் ஆரஞ்சு போய்ப் பழுப்பு மட்டும் நிற்கும். அந்த நிமிடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கழுவி, முழுக்க உலர்த்தி, ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். உலர்ந்த பிறகு சாம்பல் அதிகமாகத் தெரிந்தால், அதே லெவலில் சாயல் சேராத இயல்பு ஷேடைப் பாதிக்குப் பாதி கலந்து இன்னொரு கற்றையில் போட்டுப் பாருங்கள். என்னைக் கேட்டால், வெளிர்ந்த முடிக்கு முழுச் சாம்பலைவிட இந்தப் பாதிப் பாதிக் கலவைதான் பார்க்க உயிரோடு இருக்கும்.

போடும் நாள்

தேவையானவை: பிளாஸ்டிக் கிண்ணம் (உலோகக் கிண்ணம் வேண்டாம்), டை பிரஷ், வால் சீப்பு, நாலு கிளிப், கையுறை, வாஸ்லின், பழைய துண்டு, ஃபாயில், அளவுக் கோப்பை. எல்லாவற்றையும் கைக்கெட்டும் இடத்தில் வைத்துவிட்டுத்தான் கலக்க வேண்டும். கலந்த நிமிடத்திலிருந்து கலவை வேலை செய்ய ஆரம்பித்துவிடும்.

டோனர் போடுவதானால் முடியை ஷாம்பூ மட்டும் போட்டுக் கழுவி, துண்டால் நன்றாக ஒற்றி எடுங்கள். சொட்டக் கூடாது, ஈரம் இருக்கலாம். கண்டிஷனர் இப்போது வேண்டாம். நெற்றியோரம், காது, பிடரியில் வாஸ்லின். நடு வகிடு எடுத்து, காதிலிருந்து காதுக்கு ஒரு கோடு பிரித்து, நாலு பாகமாகக் கிளிப் போடுங்கள்.

கலவை விகிதம் கம்பெனி சொல்வதுதான். சிலது ஒன்றுக்கு ஒன்று, சிலது ஒன்றுக்கு ஒன்றரை, சிலது ஒன்றுக்கு இரண்டு. ஒன்றுக்கு இரண்டு என்றால் 30 மில்லி கலருக்கு 60 மில்லி டெவலப்பர். கண்ணளவில் ஊற்ற வேண்டாம். அடர்த்தியான நீள முடிக்கு ஒரு டப்பா போதாது, இரண்டாவதைப் பக்கத்திலேயே வைத்திருங்கள். பாதியில் தீர்ந்தால் திட்டுத் திட்டாகத்தான் முடியும்.

பின்பக்கக் கீழ்ப் பாகத்தில் ஆரம்பியுங்கள். விரல் தடிமனுக்குப் பிரித்துப் பிரித்து, முதலில் எங்கே ஆரஞ்சு அதிகமோ அங்கே தடவுங்கள். வறண்ட நுனிக்குக் கடைசி முறை. அது எல்லாவற்றையும் முந்திக்கொண்டு குடிக்கும். முகத்தைச் சுற்றியுள்ள மெல்லிய முடிக்கும் அப்படியே. சிக்கனம் பார்க்காமல் தாராளமாகப் பூசி, அகலப் பல் சீப்பால் ஒருமுறை வாரிவிடுங்கள். ஒத்திகையில் குறித்த நிமிடத்துக்கு இரண்டு நிமிடம் முன்பாகவே துடைத்துப் பார்க்கத் தொடங்குங்கள். தலையின் ஒரு பக்கம் முந்திக்கொண்டால் அந்தப் பக்கத்தை முதலில் கழுவுவதில் தவறில்லை.

வெதுவெதுப்பான நீரில், தண்ணீர் தெளிவாக வரும்வரை அலசி, கலரோடு வந்த கண்டிஷனரைப் போடுங்கள். ஹேர் கலர் பெரும்பாலும் காரத்தன்மை கொண்டது. அமிலப் பக்கம் சாய்ந்த கண்டிஷனர் முடியின் மேல்செதிலை மறுபடி படியவைக்கும். மிஞ்சிய கலவையைக் கொட்டிவிடுங்கள். மூடி வைத்தால் வாயு அழுத்தத்தில் பாட்டில் வெடிக்கலாம்.

பட்டையாக விழுந்திருந்தால்

இதற்கு டோனர் பாதி உதவிதான் செய்யும். கோடுகளுக்கு நடுவே கருமை இழைகளை மறுபடி சேர்க்க வேண்டும். லோலைட்ஸ் என்பது அதுதான். இதை உலர்ந்த முடியில் செய்யுங்கள். வால் சீப்பின் நுனியால் ஒரு பட்டையை எடுத்து, ஊசி நெய்வது போல மேலும் கீழுமாக விட்டு, மெல்லிய இழைகளைப் பிரித்தெடுங்கள். அடியில் ஃபாயில், மேலே டெமி கலர், மடித்து மூடுங்கள். வகிட்டுக்கு இரு பக்கமும் கண்ணை உறுத்துகிற பட்டைகளில் மட்டும், பக்கத்துக்கு நாலைந்து ஃபாயில் போதும். முழுத் தலைக்கும் போனால் ஹைலைட்ஸ் போட்டதற்கே அர்த்தமில்லாமல் போய்விடும். வகிட்டின் ஆக மேல் அடுக்கை விட்டுவிடுங்கள். அது விழுந்து கீழே இருப்பதை மூடிக்கொள்ளும்.

ஷேட் தேர்வில் ஒரு வார்த்தை. உங்கள் சொந்த முடியின் கருமையையே எடுத்தால் கருப்பு-வெள்ளைக் கோடு இன்னும் தூக்கலாகத் தெரியும். சொந்த முடிக்கும் ஹைலைட்டுக்கும் நடுப்பட்ட லெவலை எடுங்கள். சொந்தம் 3, இழை 8 என்றால் 5 அல்லது 6.

வேரில் கோடும் திட்டும்

ஹைலைட் வேரிலிருந்தே கத்தியால் வெட்டினது போல ஆரம்பித்தால், வேர் பக்கம் இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு மட்டும் சொந்த நிறத்தைவிட ஒரு படி வெளிறிய டெமி தடவி, அது முடியும் இடத்தைச் சீப்பால் கீழ்நோக்கி இழுத்துக் கரைத்துவிடுங்கள். 10 நிமிடம் பெரும்பாலும் போதும். முடி வளரும்போதும் கோடு தெரியாது என்பது இதில் கூடுதல் லாபம்.

ஃபாயிலிலிருந்து ப்ளீச் கசிந்து வேரில் புள்ளி விழுந்திருந்தால், சொந்த நிற டெமியைக் காது குடையும் பஞ்சுக் குச்சியால் அந்தப் புள்ளியில் மட்டும் ஒற்றி எடுங்கள். பக்கத்து முடியைக் கிளிப் போட்டு ஒதுக்கிவிடுவதும், உங்களுக்குப் பின்னால் ஒருவர் நின்று உதவுவதும் நல்லது.

ஹைலைட்ஸே வேண்டாம் என்றால்

எல்லாவற்றையும் மூடிப் பழைய பழுப்புக்குத் திரும்ப நினைப்பவர்கள் கவனமாக இருக்க வேண்டிய இடம் இது. வெளிர் மஞ்சள் முடியின்மேல் நேரே சாம்பல் பழுப்பைப் போட்டால் பச்சை கலந்த சேற்று நிறம் வரும். மஞ்சளோடு நீலம் சேர்ந்தால் வேறென்ன வரும்? ப்ளீச்சில் போய்விட்ட சிவப்பையும் பொன்னையும் முதலில் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். அதனால் வெளுத்த இழைகளுக்கு மட்டும் 7 அல்லது 8 லெவலில் செம்புப் பொன் சாயல் டெமியோ செமியோ போட்டு, கழுவி, உலர்த்திவிட்டு, அதன்மேல் பழுப்பு. முதல் கட்டத்தில் தலை செம்பு நிறத்தில் நிற்கும். அது அப்படித்தான் இருக்க வேண்டும். பழுப்பு வாங்கும்போது நினைத்ததைவிட ஒரு படி வெளிறியதையே எடுங்கள், துளை விழுந்த முடி எப்போதும் ஒரு படி கருமையாகவே காட்டும். 5 வேண்டும் என்றால் 6 வாங்குங்கள். வெளுப்பு அதிகமில்லாமல் 7 அளவில் நிற்பவர்களுக்கு இரண்டு கட்டம் வேண்டாம், 6.3 போன்ற பொன் பழுப்பு ஒன்றே போதும்.

முதல் சில வாரங்களில் இந்தப் பழுப்பு சீக்கிரம் மங்கும். மறுபடி டெமியே போடுங்கள். கோபத்தில் கருப்புக்குத் தாவாதீர்கள். தலையில் ஏறிய செயற்கைக் கருப்பை இன்னொரு டை வெளுக்காது, அதை இறக்குவது இப்போதைய வேலையைவிடப் பல மடங்கு கஷ்டம்.

வந்த நிறம் தப்பாகிவிட்டால்

ரொம்பக் கருத்தோ, சாம்பலாகவோ, ஊதாவாகவோ வந்திருந்தால், அன்றைக்கே ஆழமாகச் சுத்தம் செய்யும் ஷாம்பூவை வெந்நீரில் இரண்டு மூன்று தடவை போடுங்கள். முதல் ஓரிரு நாளில்தான் நிறம் அதிகம் கழலும். பொடுகு ஷாம்பூவும் நிறத்தை இறக்கும். பச்சை தட்டினால் செம்புச் சாயல் செமி கலரைக் கண்டிஷனரில் கொஞ்சம் கலந்து சில நிமிடம் விடுங்கள். இதற்கெல்லாம் அசையவில்லை என்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

நிறம் நிலைக்க

இரண்டு மூன்று நாள் ஷாம்பூ வேண்டாம். அதன் பிறகு சல்ஃபேட் இல்லாத ஷாம்பூ, வெதுவெதுப்பான தண்ணீர். ஸ்ட்ரெய்ட்னரை 180 டிகிரிக்கு மேல் ஏற்றாதீர்கள், அதிலும் வெப்பக் காப்பு ஸ்ப்ரே போட்ட பிறகுதான். நீச்சல் குளத்தில் இறங்கும் முன் முடியை நல்ல தண்ணீரில் நனைத்துக் கண்டிஷனர் பூசிக்கொள்ளுங்கள். வெளுத்த முடியைப் பச்சையாக்குவது தண்ணீரில் கரைந்திருக்கும் செம்பு, நனைந்த முடி அதைக் குறைவாக உறிஞ்சும். சில வாரத்தில் டோனர் இறங்கி ஆரஞ்சு எட்டிப் பார்த்தால் பதறாதீர்கள். அடியில் இருந்தது அடியிலேயே இருக்கிறது, மேலே போர்த்தியதுதான் போனது. அதே கலவையை மறுபடி போடலாம்.

போட்ட கலரின் பெயர், எண், டெவலப்பர் சதவீதம், எத்தனை நிமிடம் விட்டீர்கள் என்பதை எழுதி, டப்பாவைப் படம் பிடித்து வையுங்கள். அடுத்த தடவை பார்லரில் உட்காரும்போது, ப்ளீச் கலக்கும் முன்பே அதை எடுத்துக் காட்டுங்கள். மருதாணி போட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள்.